47 வயது மாமியாருக்கு எல்.எல்.ஆர். கணினித் தேர்வு: எப்படிச் சொல்லிக் கொடுப்பது?

தேவனாம்பட்டினம் மருமகள் கேட்கிறார்:

வணக்கம். என் மாமியாருக்கு 47 வயதாகிறது. கடலூர் துறைமுகத்தில் விடியற்காலை ஏலத்தில் மீன் எடுத்து, மஞ்சக்குப்பத்திலும் செம்மண்டலத்திலும் வீடு வீடாகக் கொண்டுபோய் விற்பது அவருடைய தொழில். இருபது ஆண்டுகளாக அன்னக்கூடையைத் தலையில் சுமந்தே நடந்தவருக்கு இப்போது கழுத்து எலும்பு தேய்ந்துவிட்டது. மீன் கூடையைப் பார்த்தால் ஷேர் ஆட்டோக்காரர்கள் பலர் நிறுத்துவதும் இல்லை. எனவே ஒரு மொபெட் வாங்கிக்கொள்வது என்று அவரே முடிவெடுத்தார். சைக்கிள் நன்றாக ஓட்டுவார் என்பதால் வண்டி பழகுவதைப் பற்றி எங்களுக்குக் கவலை இல்லை. ஆனால் சாலையில் பழகுவதற்கே எல்.எல்.ஆர். என்னும் பழகுநர் உரிமம் வேண்டும், அதற்குக் கணினியில் தேர்வு எழுதித் தேற வேண்டும் என்ற இடத்தில்தான் இரண்டு மாதமாக நின்றுகொண்டிருக்கிறோம்.

ஓட்டுநர் உரிமத்துக்கான அரசின் சாரதி இணையதளத்தில் விண்ணப்பத்தை நான்தான் நிரப்பினேன். 40 வயதைக் கடந்தவர் என்பதால் மருத்துவச் சான்றும் வாங்கி இணைத்தோம். முதல் தடவை இரண்டு வினாக்களிலும், அடுத்த தடவை ஒரே ஒரு வினாவிலும் தவறிவிட்டார். மறுதேர்வுக்குக் கட்டும் 50 ரூபாய் பெரிதில்லை. போய்வரும் நாளில் வியாபாரம் போய்விடுகிறது, அதைவிட அவருடைய முகம் வாடிவிடுகிறது.

அத்தை ஐந்தாம் வகுப்பு வரை படித்தவர். பேருந்துப் பலகையையும் ரேஷன் கடை அறிவிப்பையும் எழுத்துக் கூட்டிப் படித்துவிடுவார். வீட்டில் நான் வாயால் கேட்கும்போது பெரும்பாலும் சரியான விடையைத்தான் சொல்கிறார். தேர்வறையிலிருந்து வெளியே வந்ததும் அவர் சொன்னதை அப்படியே எழுதுகிறேன்: "எல்லாம் தெரிஞ்சதுதான். ஆனா அது என்ன கேக்குதுன்னு பிடிபடறதுக்குள்ள நேரம் போயிடுது."

உறவினர் ஒருவர், வீட்டிலிருந்தே இணையத்தில் எழுதும் முறையில் நான் பக்கத்தில் உட்கார்ந்து விடைகளை அழுத்திவிட்டால் ஐந்து நிமிடத்தில் வேலை முடிந்துவிடும் என்கிறார். அதில் எனக்கு மனம் ஒப்பவில்லை. நான் எழுதித் தேறிய உரிமத்தைச் சுருக்குப்பையில் வைத்துக்கொண்டு, கெடிலம் பாலத்தில் லாரிகளுக்கு நடுவே அத்தை போவதை என்னால் நினைத்துப் பார்க்க முடியவில்லை. அவரே எழுதித் தேற வேண்டும் என்பதே அவருடைய விருப்பமும். பெரியவர்களுக்குச் சொல்லிக் கொடுத்துப் பழக்கப்பட்டவர்கள் வழி சொன்னால் நன்றியுடையவளாக இருப்பேன்.

கெடிலக்கரை எழுதுகிறார்:

அம்மா, வணக்கம். கடலூரில் ஓட்டுநர் பயிற்சிப் பள்ளி ஒன்றில் பதினெட்டு ஆண்டுகள் பயிற்சியாளராக இருந்தவன் என்ற முறையில் எழுதுகிறேன். உங்கள் மாமியாரைப் போன்ற பலருக்கு நான் சொல்லிக் கொடுத்திருக்கிறேன். அவருக்குச் சாலை தெரியாமல் இல்லை. தேர்வின் தமிழ்தான் அவருடைய வாயில் புழங்காத தமிழாக இருக்கிறது. அவர் 'ஓவர்டேக்' என்பதைத் திரை 'முந்திச் செல்லுதல்' என்கிறது. அவர் 'ஆர்.சி. புக்' என்பது அங்கே 'பதிவுச் சான்று', 'இன்சூரன்ஸ்' என்பது 'காப்பீடு', 'ஒன்வே' என்பது 'ஒருவழிப்பாதை', 'நடந்து போறவங்க' என்பது 'பாதசாரிகள்'. நீங்கள் வாயால் கேட்கும்போது உங்களை அறியாமலேயே பேச்சுத் தமிழுக்கு மாற்றிக் கேட்டுவிடுகிறீர்கள். அதனால்தான் வீட்டில் சரியாகச் சொல்பவர் அங்கே தடுமாறுகிறார். இப்படிப்பட்ட சொற்கள் மொத்தமே முப்பது நாற்பதுதான் இருக்கும். முதல் மூன்று நாள் வினா விடை எதையும் தொடாமல், இந்தச் சொற்களை மட்டும் பெரிய எழுத்தில் அட்டையில் எழுதி அவர் வாயாலேயே படிக்கச் செய்யுங்கள்.

இரண்டாவதாக, நான் பல ஆண்டுகள் கழித்தே கண்டுகொண்ட ஒன்றைச் சொல்கிறேன். தமிழில் 'கூடாது', 'இல்லை', 'தவறு' ஆகியவை வாக்கியத்தின் கடைசியில்தான் வரும். எழுத்துக் கூட்டிப் படிப்பவர், "கீழ்க்காணும் இடங்களில் எங்கே வாகனத்தை நிறுத்த" என்பது வரை வந்ததும் கேள்வி புரிந்துவிட்டதாக எண்ணி விடைகளுக்குத் தாவிவிடுவார். அடுத்து நிற்கும் சொல் 'லாம்' என்று முடிகிறதா, 'கூடாது' என்று முடிகிறதா என்பதைப் பார்த்திருக்க மாட்டார். ஓரிரு வினாக்களில் தவறுபவர்களில் பெரும்பாலோர் இங்கேதான் தவறியதைப் பார்த்திருக்கிறேன். ஆகவே வினாவின் கடைசிச் சொல்லை முதலில் பார்த்துவிட்டு, அதன் பிறகு தொடக்கத்திலிருந்து படிக்கும் பழக்கத்தை ஏற்படுத்துங்கள். இதற்கு ஒரு நொடிதான் கூடுதலாகும்.

என்ன கேட்பார்கள் என்பதிலும் குழப்பம் வேண்டாம். 1989ஆம் ஆண்டின் மத்திய மோட்டார் வாகன விதிகளில் 11ஆம் விதி அதை வரையறுத்திருக்கிறது: சாலை அடையாளங்களும் சாலை விதிகளும், விபத்து நேர்ந்தால் ஓட்டுநரின் கடமைகள், ஆளில்லா ரயில்வே கேட்டைக் கடக்கும்போது எடுக்க வேண்டிய எச்சரிக்கை, வண்டியில் வைத்திருக்க வேண்டிய ஆவணங்கள். நூற்றுக்கு 60 பங்கு சரியாக இருந்தால் தேர்ச்சி. இவற்றில் ஆவணங்களும் விபத்துக் கடமைகளும் ஒரு மாலைப் பொழுதில் முடிந்துவிடும். அடையாளங்களுக்குத்தான் நாள் வேண்டும்.

அடையாளங்களைப் புத்தகத்தில் காட்டாதீர்கள். காலையில் கூடையோடு அவர் போகும் வழியிலேயே காட்டுங்கள். முதலில் வடிவம். வட்டம் என்றால் கட்டளை, முக்கோணம் என்றால் எச்சரிக்கை, நீலச் செவ்வகம் என்றால் தகவல். நில் என்பதற்கு எட்டு மூலை, வழிவிடு என்பதற்குத் தலைகீழ் முக்கோணம் என்ற இரண்டு மட்டும் விலக்கு. இது மனத்தில் பதிந்துவிட்டால், படத்தின் பொருள் சரியாகத் தெரியாவிட்டாலும் விடைகளில் இரண்டை அவரே தள்ளிவிடுவார். பிறகு ஒன்றுபோலத் தோன்றுபவற்றைச் சோடி சோடியாகக் காட்டுங்கள். நீல வட்டத்தில் ஒரே ஒரு சிவப்புக் கோடு குறுக்கே போனால் அங்கே வண்டியை விட்டுச் செல்லக் கூடாது. இரண்டு கோடுகள் பெருக்கல் குறியாகப் போனால் சற்று நேரம்கூட நிற்கக் கூடாது. வேலி போன்ற படம் இருந்தால் ஆள் உள்ள ரயில்வே கேட், புகைவண்டி எஞ்சின் படம் இருந்தால் ஆளில்லா கேட். இவற்றைத் தனித்தனியாகக் காட்டினால் மறந்துவிடும், பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் மறக்காது.

ஆளில்லா கேட் பற்றிய வினா இன்று பலருக்கும் கடினமாக இருப்பதற்குக் காரணம் உண்டு. அகல ரயில் பாதைகளில் இருந்த ஆளில்லா கேட்டுகள் அனைத்தும் 2019 ஜனவரிக்குள் அகற்றப்பட்டுவிட்டன. எனவே அவர் அதைப் பார்த்திருக்கவே வாய்ப்புக் குறைவு. விடை இதுதான்: வண்டியை இடப்புறம் நிறுத்தி, இறங்கித் தண்டவாளம் வரை நடந்து சென்று, இரு பக்கமும் ரயில் வரவில்லை என்று உறுதிசெய்த பின்பே கடக்க வேண்டும். இதை வெறும் விடையாகச் சொல்லிக் கொடுக்காதீர்கள். 2025 ஜூலை 8 அன்று நம் கடலூரை அடுத்த செம்மங்குப்பத்தில் பள்ளி வேன் மீது ரயில் மோதி மூன்று மாணவர்கள் உயிரிழந்தார்களே, அந்த இடம் ஆள் உள்ள கேட்தான். நின்று இரு பக்கமும் பார்ப்பது எந்தத் தண்டவாளத்துக்கும் பொருந்தும் என்பதை அவரிடம் சொல்லுங்கள். அந்தச் செய்தியை அறிந்த கடலூர்க்காரர் யாரும் அதற்குப் பிறகு இந்த விடையை மறக்க மாட்டார்.

மலைப்பாதையில் யாருக்கு முன்னுரிமை என்றும் ஒரு வினா வருவதுண்டு. மேட்டில் ஏறுபவருக்கே முன்னுரிமை. மலையைக் காணாதவருக்கு இதை எப்படிச் சொல்வது? பாரம் ஏற்றிய தள்ளுவண்டி பாலத்து மேட்டில் ஏறும்போது நடுவில் நின்றுவிட்டால் மீண்டும் கிளப்புவது எவ்வளவு பாடு என்று கேளுங்கள், அவரே விளக்கம் சொல்வார்.

கடைசியாக ஓர் எச்சரிக்கை. 'மெதுவாகச் செல்', 'வழிவிடு' என்று வரும் விடையையே எப்போதும் அழுத்து என்று சிலர் குறுக்கு வழி சொல்வார்கள். பல வினாக்களில் அது பலிக்கும் என்பது உண்மைதான். ஆனால் ஒலி எழுப்பியே ஆக வேண்டும் என்று கட்டளையிடும் நீல வட்ட அடையாளமும் இருக்கிறது; அந்தக் குறுக்கு வழியை நம்பியவர் அதில் தவறிவிடுவார்.

திருப்பாப்புலியூர் கண்ணாடிக் கடை எழுதுகிறார்:

மேலே பெரியவர் எழுதியவை எல்லாம் சரியானவை. அவற்றுக்கு முன்பாக நீங்கள் பார்க்க வேண்டியது ஒன்று உண்டு. உங்கள் மாமியார் வெள்ளெழுத்துக் கண்ணாடி போடுகிறாரா? 47 வயதில் கிட்டப் பார்வை மங்காதவர்கள் மிகக் குறைவு. கடையில் மீன் விற்கும் அக்காக்கள் பலர், ஊசியில் நூல் கோக்க முடியவில்லை என்ற பிறகுதான் எங்களிடம் வருகிறார்கள். அதற்குள் நான்கைந்து ஆண்டுகள் கடந்திருக்கும்.

உரிமத்துக்கான உறுதிமொழிப் படிவத்தில் கேட்கப்படுவது, நல்ல பகல் வெளிச்சத்தில் 25 மீட்டர் தொலைவில் உள்ள காரின் எண் பலகையைப் படிக்க முடிகிறதா என்பது. அது தூரப் பார்வை. அதில் குறை இல்லாதவருக்கும் கிட்டத்தில் எழுத்து கலங்கலாம். நேரம் ஓடிக்கொண்டிருக்கும்போது கலங்கிய எழுத்தைக் கூட்டிப் படிப்பவர் 'கூடாது' என்ற கடைசிச் சொல்லை விட்டுவிடுவதில் வியப்பே இல்லை.

கண்ணாடி எடுக்கும்போது ஒன்றை மறக்காமல் சொல்லுங்கள். கையில் பிடித்துப் படிக்கும் புத்தகத்தின் தூரம் வேறு, மேசைக்கு அப்பால் இருக்கும் கணினித் திரையின் தூரம் வேறு. புத்தகத்துக்கென்று கொடுத்த கண்ணாடியில் திரை மங்கலாகத் தெரியக்கூடும். கை நீளத் தூரத்தில் இருக்கும் திரையையும் படிக்க வேண்டும் என்று சொல்லியே சோதித்துக்கொள்ளுங்கள். நடைபாதையில் விற்கும் கண்ணாடியை எடுத்துப் போட்டுக்கொண்டால் போதும் என்று நினைக்க வேண்டாம். இந்த வயதில் சர்க்கரையும் கண்புரையும் இருக்கின்றனவா என்பதையும் சேர்த்துப் பார்த்துவிடுவது நல்லது. கடலூர் அரசு மருத்துவமனையில் பார்க்கலாம். புதுச்சேரிப் பக்கம் போக முடியுமானால் தவளக்குப்பத்தில் அரவிந்த் கண் மருத்துவமனை இருக்கிறது, கடலூர் சாலையிலேயே இறங்கிக்கொள்ளலாம்.

அரியாங்குப்பம் ஆட்டோ எழுதுகிறார்:

சகோதரிக்கு வணக்கம். நான் புதுச்சேரியில் ஆட்டோ ஓட்டுகிறேன். சொல்லிக் கொடுத்தவன் அல்ல, சொல்லிக் கேட்டுப் படித்தவன். ஆறாம் வகுப்போடு நின்றவன் என்பதால், வாடகை வண்டி ஓட்ட எட்டாம் வகுப்புத் தேர்ச்சி வேண்டும் என்ற விதி இருந்தவரை என்னால் விண்ணப்பிக்கவே முடியவில்லை. 2019இல் மத்திய அரசு அந்த விதியை நீக்கிய பிறகுதான் எனக்கு வழி பிறந்தது. அப்போது எனக்கு 41 வயது. கணினி முன்னால் உட்காரச் சொன்ன அந்த முதல் நாளில் என் கை நடுங்கியதை இன்றும் மறக்கவில்லை. மவுஸை எப்படிப் பிடிப்பது என்று கேட்கக் கூச்சப்பட்டே ஒரு வினாவைக் கோட்டைவிட்டேன். முதல் முறை தேறவில்லை.

என் மகள் அப்போது பத்தாம் வகுப்பில் இருந்தாள். அவள்தான் எனக்குக் கற்றுக் கொடுத்தாள். தொடக்கத்தில் நான் தவறாகச் சொன்னவுடன், "எத்தனை தடவைப்பா சொல்றது" என்பாள். அவள் மீது தப்பில்லை. ஆனால் அந்த ஒரு வார்த்தைக்குப் பிறகு அன்றைக்கு எதுவுமே என் தலையில் ஏறாது. பிறகு அவளாகவே முறையை மாற்றினாள். நான் ஓட்டும் தெருக்களைப் பற்றி என்னிடமே கேட்க ஆரம்பித்தாள். மிஷன் வீதியில் எந்தப் பக்கம் போகக் கூடாது, அங்கே என்ன பலகை இருக்கிறது, அது வட்டமா முக்கோணமா என்று அவள் கேட்பாள், நான் சொல்லுவேன். கை சைகைகளுக்குச் சிவப்புத் தொப்பிப் போலீஸ்காரரையும் என்னையும் பிரித்துக் காட்டினாள். போலீஸ்காரர் காட்டுவது நமக்குக் கட்டளை, நாம் காட்டுவது பின்னால் வருபவருக்குத் தகவல். வலது கையை நீட்டினால் வலப்பக்கம் திரும்புகிறேன், நீட்டிய கையைக் கடிகாரத்துக்கு எதிராகச் சுற்றினால் இடப்பக்கம், உள்ளங்கையைக் கீழ்நோக்கி வைத்து மேலும் கீழும் அசைத்தால் வேகத்தைக் குறைக்கிறேன் என்று சாப்பாட்டுத் தட்டின் முன்னால் உட்கார்ந்து செய்து காட்டியே படித்தேன்.

உங்கள் வீட்டில் மருமகள் ஆசிரியை, மாமியார் மாணவி. அது எளிதான உறவு அல்ல என்பதால் சொல்கிறேன்: நீங்கள் அவருக்குக் கற்றுக் கொடுப்பதைவிட, அவர் பேரனுக்கோ பேத்திக்கோ அந்தப் பலகைகளை விளக்கிச் சொல்லும்படி விட்டுவிட்டு நீங்கள் பக்கத்தில் இருங்கள். தவறினால் அன்றே திருத்த வேண்டாம், மறுநாள் வேறு பேச்சின் நடுவே திருத்துங்கள்.

வீட்டிலிருந்து எழுதும் முறையைப் பற்றியும் ஒரு வார்த்தை. வசதியாக இருக்கிறது என்று அவரே வீட்டிலிருந்து எழுதுவதில் தவறில்லை. அவருக்காக இன்னொருவர் அழுத்துவதுதான் தவறு. அது பிடிபட்டால் வரும் தண்டனைக்காக மட்டும் சொல்லவில்லை. இந்திரா காந்தி சிலையருகே ஒவ்வொரு நாளும் நான் பார்ப்பது, எந்த வண்டிக்கு யார் வழிவிட வேண்டும் என்பதே தெரியாமல் கையில் உரிமத்தோடு வருபவர்களைத்தான். உங்கள் மாமியார் இரண்டு தடவை தவறியும் தானே எழுதுவேன் என்கிறாரே, அவரை நான் வணங்குகிறேன்.

தேவனாம்பட்டினம் மருமகள் மீண்டும் எழுதுகிறார்:

மூவருக்கும் எப்படி நன்றி சொல்வது என்றே தெரியவில்லை. இருபத்து மூன்று நாள் கழித்து எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் கண்ணைப் பார்த்தோம். வெள்ளெழுத்து நன்றாகவே இருந்தது. கண்ணாடி போட்ட அன்று இரவு அத்தை, ரேஷன் அட்டையின் பின்பக்கத்தில் உள்ள சிறிய எழுத்துகளை எல்லாம் ஒரு வரி விடாமல் சத்தமாகப் படித்துக்கொண்டிருந்தார். இத்தனை நாளும் தனக்குப் படிப்பு மறந்துபோய்விட்டது என்றே நினைத்திருந்ததாகச் சொன்னார். அதைக் கேட்டபோது எனக்கு அழுகை வந்துவிட்டது. ஒரே வீட்டில் இருந்துகொண்டு இதை நான் கவனிக்காமல் விட்டிருக்கிறேன்.

சொல் அட்டைகள் முப்பத்தாறு எழுதினேன். 'பாதசாரி' மட்டும் ஒரு வாரம் வரை அவர் வாயில் நுழையவில்லை. தினம் நாம நடந்து போறமே, நாமதான் அது என்று என் மகன் சொன்ன பிறகு நுழைந்துவிட்டது. கடைசிச் சொல்லை முதலில் பார்க்கும் பழக்கத்துக்கு நாங்கள் ஒரு வழி செய்தோம். மீன் ஏலத்தில் கடைசியாகக் கேட்கும் விலைதானே விலை, அதற்கு முன் கூவியதெல்லாம் கணக்கில் இல்லையே, அதுபோல என்று அவரே ஒப்பிட்டுக்கொண்டார். அதன் பிறகு நான் நினைவூட்ட வேண்டியிருக்கவில்லை. மவுஸ் பிடித்துப் பழகத் தெருக்கோடியில் உள்ள கணினி மையத்தில் மூன்று மாலை நேரம் உட்கார்ந்தோம். சாரதி தளத்தில் உள்ள மாதிரித் தேர்வை அங்கேயே நான்கு தடவை எழுதினார். கடைசி இரண்டு தடவை நான் அவர் பக்கத்தில் உட்காராமல் வெளியே நின்றுகொண்டேன்.

நேற்று முன்தினம் அலுவலகத்தில் எழுதித் தேறிவிட்டார். எல்.எல்.ஆர். கைக்கு வந்துவிட்டது. ஆறு மாதம் செல்லும் என்றும், 30 நாள் கழிந்த பிறகே ஓட்டிக் காட்டும் தேர்வுக்குப் போக முடியும் என்றும் அறிந்துகொண்டோம். வெள்ளைப் பலகையில் சிவப்பு 'எல்' எழுதி வண்டியின் முன்னும் பின்னும் ஒட்டியாயிற்று. உரிமம் உள்ள என் கணவர் பின்னால் உட்கார்ந்து பழக்குகிறார்; பழகும் காலத்தில் கற்றுக் கொடுப்பவரைத் தவிர வேறு யாரையும் ஏற்றக் கூடாது என்பதால் பேரனுக்கு இப்போதைக்கு இடமில்லை என்று அத்தை கண்டிப்பாகச் சொல்லிவிட்டார்.

தேர்வில் தன்னால் சரியாகச் சொல்ல முடியாமல் போனவை இரண்டு என்று அவர் நினைவில் வைத்திருந்து சொன்னார். ஒன்று, முன்னால் குறுகிய பாலம் என்னும் அடையாளம்; அதைக் குறுகும் சாலை என்று அழுத்திவிட்டாராம். இன்னொன்று, சாலை நடுவே தொடர்ச்சியாகப் போகும் மஞ்சள் கோட்டைத் தாண்டலாமா என்பது. தாண்டக் கூடாது என்று இப்போது சொல்லிக் கொடுத்துவிட்டேன். ஆனால் அந்தக் கோட்டைத் தன் கண்ணால் பார்க்க வேண்டும் என்கிறார். நாளைக் காலை ஏலம் முடிந்ததும், செம்மண்டலம் போகும் வழியில் அது எங்கே இருக்கிறது என்று பார்த்துவிட்டு வருவதாக இருவரும் பேசி வைத்திருக்கிறோம்.